பழைய ஈகோஸ்போர்ட் வாங்கலாமா? மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்

உறையூர்வாசி (திருச்சி) கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புகிறேன். போக வர நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகிறது. இதுவரை பேருந்திலேயே காலம் ஓடிவிட்டது. இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால் மாதத்தில் இரண்டு மூன்று முறை அவரைத் தஞ்சாவூருக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. தாழ்வான காரில் குனிந்து உட்கார்ந்து எழுவது அவரால் முடியவில்லை. இருக்கை இடுப்பளவு உயரத்தில் இருக்கும் சிறிய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். புதிய வண்டி என் கைக்கு எட்டாது. அதிகபட்சம் ஆறு லட்சம் ரூபாய் என்று எல்லை வைத்துக்கொண்டு தேடியபோது, திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஃபோர்டு ஈகோஸ்போர்ட்.

மூன்று வண்டிகள் அமைந்திருக்கின்றன. முதலாவது, 2014 மார்ச்சில் தயாரான 1.5 லிட்டர் டீசல். முதல் பதிவு சென்னையில், இப்போது மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கிறது, விலையும் மற்ற இரண்டைவிட நன்றாகவே குறைவு. இரண்டாவது, 2016-இல் தயாரான 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக். ஒரே உரிமையாளர், ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மூன்றாவது, 2018 பிப்ரவரியில் தயாரான 1.5 லிட்டர் பெட்ரோல் மேனுவல். இரண்டாவது உரிமையாளர், எழுபதாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. எனக்கு மனத்தளவில் பிடித்தது இரண்டாவது. நெரிசலில் கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

என் கவலைகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி பலமுறை ரீகால் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறது என்று படித்தேன். அதைப் படித்ததிலிருந்து, அடிப்படையிலேயே குறையுள்ள வண்டியோ என்ற அச்சம் வந்துவிட்டது. நிறுவனமோ இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. என் மைத்துனர், “தயாரிப்பு நின்றுபோன வண்டியைத் தலையில் கட்டிக்கொள்ளாதே” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, “கட்டுமானத்தில் இதை அடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் வேறு வண்டியே இல்லை” என்கிறார். இரண்டையும் கேட்டுக் குழம்பியிருக்கிறேன். வண்டியைப் பற்றி அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தரக்கட்டுப்பாடு (செங்கல்பட்டு) பதிலளிக்கிறார்:

வணக்கம் நண்பரே. நான் பல ஆண்டுகள் கார் நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். தாங்கள் பார்த்திருக்கும் மூன்று வண்டிகளும் ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையில் தயாரானவை. ரீகால் பற்றிய தங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டி வாங்கும் பலர் இந்த இடத்தில்தான் தவறான முடிவுக்குப் போகிறார்கள்.

ரீகால் வந்தாலே ஒரு மாடலின் எல்லா வண்டிகளிலும் குறை இருக்கிறது என்று பொருள் அல்ல. ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகுதி எஃகிலிருந்து, எந்த வாரத்தில், எந்த உலையில் அது தயாரானது என்பதற்குப் பதிவேடு உண்டு. அந்தத் தொகுதி எந்தெந்த நாட்களில் கார் ஆலையின் பொருத்தும் வரிசைக்குப் போனது என்பதற்கும் பதிவேடு உண்டு. ஓரிடத்தில் போல்ட் முறிந்தால், அந்தப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தயாரான வண்டிகளில் இந்தப் பொருள் இருக்கக்கூடும் என்று ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் விழும் சேசிஸ் எண்களை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்களைப் பார்த்துத்தான் திரும்ப அழைக்கிறார்கள். ஆகவே “ஈகோஸ்போர்ட் ரீகால் ஆனதா?” என்ற கேள்விக்குப் பயனில்லை. “இந்தச் சேசிஸ் எண் ரீகால் ஆனதா, ஆனதென்றால் வேலை முடிந்ததா?” என்று கேட்க வேண்டும்.

இப்போது தங்கள் வண்டிகளுக்கு வருகிறேன். 2015-இல், இந்த மாடலின் தயாரிப்பு தொடங்கிய காலத்தில் உருவான 16,444 ஈகோஸ்போர்ட்டுகளைப் பின்பக்க சஸ்பென்ஷனில் இருக்கும் குறுக்குத்தண்டின் போல்ட்டுகளை மாற்றுவதற்காக அழைத்தார்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கி, உடலோடு இணைக்கும் பாகம் அது. அந்தப் போல்ட் முறிந்தால் வேகத்தில் வண்டி கைக்கு அடங்காது. அடுத்து 2016-இல், 2013 ஏப்ரல் முதல் 2014 ஜூன் வரை தயாரான ஏறத்தாழ 48,000 டீசல் வண்டிகளை அழைத்தார்கள். எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் பொருத்துவதற்காக. குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தால் ஒருபுறம் டீசல் கசியும், மறுபுறம் பிரேக் ஆயில் கசியும். தங்கள் 2014 மார்ச் டீசல் இந்தத் தேதிகளுக்குள்ளேயே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சில ரூபாய் பெறாத அந்தக் கிளிப் அதில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

2018-இல் மூன்று அழைப்புகள் வந்தன. 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான 4,379 வண்டிகளில் முன்பக்கக் கீழ்க்கை, அதாவது லோயர் ஆர்ம், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அழைத்தார்கள். 2017 நவம்பர், டிசம்பரில் தயாரான 1,018 வண்டிகளில் முன் இருக்கைகளின் சாய்வுப் பூட்டைப் பார்க்க அழைத்தார்கள். 2017 நவம்பர் முதல் 2018 மார்ச் வரை தயாரான 7,249 பெட்ரோல் வண்டிகளில் எஞ்சினை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகின் மென்பொருளைப் புதுப்பிக்க அழைத்தார்கள். தங்கள் மூன்றாவது வண்டி இந்தக் கடைசி வட்டத்தில் விழக்கூடும். அது பெரிய செலவோ பெரிய ஆபத்தோ அல்ல. ஆனால் செய்து முடித்த வேலையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எப்படிக் கேட்பது? ஆர்.சி.யில் பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சேசிஸ் எண் இருக்கும். இந்திய ஃபோர்டு என்றால் அது எம்.ஏ.ஜே. என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். வண்டியின் உடலில் பொறித்திருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள அழைப்புகள் என்னென்ன, முடிந்தவை என்னென்ன, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்று கேளுங்கள். முழு சர்வீஸ் வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் உடன் வந்தால் எளிதாகக் கிடைக்கும். வர மறுப்பாரானால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுவதே நல்லது.

அரசின் பாதுகாப்பைப் பெரிதாக நம்பி இறங்க வேண்டாம். நம் நாட்டில் 2012 ஜூலையிலிருந்து, வாகன உற்பத்தியாளர்களின் சங்கம் வகுத்த விதிப்படி நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து ரீகால் செய்துவந்தன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அபராதம் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அந்தக் கட்டாயம் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். தங்கள் மூன்று வண்டிகளுமே அந்த வயதைக் கடந்தவை. எனவே தங்கள் கண்ணும் தங்கள் மெக்கானிக்கின் கண்ணும்தான் இங்கே காவல்.

பட்டறைக் கை (கோவை) பதிலளிக்கிறார்:

ஐயா, முன்னவர் சொன்ன ரீகால் விவரங்களோடு நான் உடன்படுகிறேன். ஆனால் ரீகால் பட்டியலில் வராத விஷயங்கள்தான் பழைய வண்டியில் பணத்தை விழுங்கும். இருபது ஆண்டுகளாகப் பல நிறுவன வண்டிகளில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஈகோஸ்போர்ட் என்பது ஒரு வண்டி அல்ல, ஒரே உடலுக்குள் இருக்கும் நான்கைந்து வேறு வேறு இயந்திரங்கள். எந்த எஞ்சின், எந்தக் கியர்பாக்ஸ் என்பதைப் பொறுத்துத் தங்கள் பத்தாண்டுச் செலவு மாறும்.

தங்களுக்குப் பிடித்த 2016 ஆட்டோமேட்டிக்கைப் பற்றி முதலில் பேசுகிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு மிகவும் தயக்கம். 2017 நவம்பரில் புதுப்பித்த வடிவம் வருவதற்கு முன்பு இந்த வண்டியில் வந்த ஆட்டோமேட்டிக், பவர்ஷிஃப்ட் என்ற ஆறு வேக இரட்டைக் கிளட்ச் பெட்டி. உள்ளே இரண்டு உலர் கிளட்சுகள். ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக் கியர்களுக்கு. காலால் மிதிக்கும் வேலையை மின் மோட்டார்கள் செய்கின்றன, அவற்றை ஒரு கணினி ஆள்கிறது. சாலை காலியாக இருந்தால் வேலை அழகாக நடக்கும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் சூடாகும். எண்ணெயில் நனைந்த கிளட்சாக இருந்தால் அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும், உலர் கிளட்சுக்கு அந்த வசதி இல்லை. தண்டின் சீலில் எண்ணெய் கசிந்து கிளட்ச் தட்டில் பட்டால், முதல் இரண்டு கியர்களில் வண்டி உதறும். கட்டுப்பாட்டுக் கணினி பழுதானால் கியர் விழாமல் நடுச்சாலையில் நிற்க நேரும்.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் இதே பவர்ஷிஃப்ட் பெட்டியுடன் விற்ற ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் வண்டிகளைப் பற்றி வந்த புகார்களை நிறுவனம் கையாண்ட விதம் நியாயமற்றது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அங்கே விற்ற ஏறத்தாழ 70,000 வண்டிகளில் பாதியளவு குறைந்தது ஒரு முறையாவது இந்தப் பெட்டிக்காகப் பழுதுபார்ப்புக்கு வந்தன என்பது அந்த வழக்கில் வெளிப்பட்டது. பாதி வண்டிகளுக்குப் பழுதுபார்ப்பு தேவைப்படவில்லை என்பதும் அதே கணக்குதான். ஆனால் தங்கள் கைக்கு வருவது எந்தப் பாதி என்று எப்படித் தெரியும்?

ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்பதைத் தாங்கள் ஒரு தகுதியாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. ஓராண்டுக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால், பெரும்பாலும் ஊருக்குள் குறுந்தூரம் ஓடிய வண்டி. இந்தக் கியர்பெட்டிக்கு அதைவிடக் கடினமான வாழ்க்கை கிடையாது. அப்படியும் பார்க்க விரும்பினால், ஐந்து நிமிடச் சோதனை ஓட்டம் போதாது. முக்கால் மணி நேரம், மாலை நெரிசலில், சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓட்டுங்கள். சூடேறிய பிறகு ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், ரிவர்ஸில் ஏற்றம் ஏறிப் பாருங்கள். பிறகு ஸ்கேனரை மாட்டிப் பதிவான பிழைக் குறிகளைப் படியுங்கள். முந்தைய நாள்தான் பிழைகளை அழித்திருக்கிறார்களா என்பதும் ஸ்கேனரில் தெரியும்.

2018 பெட்ரோலுக்கு வருகிறேன். 2017 நவம்பரில் புதுப்பித்த வடிவத்துடன் வந்தது மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் எஞ்சின், 123 குதிரைத்திறன். பழைய நான்கு சிலிண்டரைவிட வலுவானது. இதில் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை, எஞ்சின் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும். உராய்வு குறைவு, சத்தம் குறைவு, நீண்ட ஆயுள் என்பது திட்டம். ஆனால் அந்தத் திட்டம் சரியான ஆயிலை நம்பி நிற்கிறது. கையேட்டில் சொன்ன தரக்குறியீட்டைப் பார்க்காமல் கிடைத்த ஆயிலை ஊற்றினாலோ, மாற்ற வேண்டிய நேரத்தைத் தாண்டி ஓட்டினாலோ ரப்பர் இளகி உதிரும். உதிர்ந்த துகள் கீழே இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். அதன்பின் ஆயில் அழுத்தம் குறைந்து எஞ்சின் கெடும். ஆகவே இந்த வண்டியில் கேட்க வேண்டியது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதல்ல. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் இருக்கிறதா, பில்லில் எந்த ஆயில் எழுதியிருக்கிறது என்பதே. பில் இல்லாத இடைவெளி இருந்தால், ஆயில் தொட்டியைக் கழற்றி அந்த வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. ஒரு எஞ்சினின் விலையை மிச்சப்படுத்தும்.

டீசல் எஞ்சின் இந்த மூன்றிலும் எளிமையானது. அதன் டைமிங் பெல்ட் வெளியே உலர்ந்து ஓடுவது. பத்தாண்டு கடந்த வண்டி என்பதால் மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும். அதன் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். 2020-க்குப் பிந்தைய, பி.எஸ்.6 என்ற மாசு விதிப்படி வந்த டீசலில் இருக்கும் புகைக்கரி வடிகட்டித் தொல்லை இதில் இல்லை. நாளும் நூறு கிலோமீட்டர் ஓட்டும் தங்களுக்கு டீசல் பொருந்தும் என்பது உண்மை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2014-இல் சென்னையில் பதிவான வண்டி, 2015 டிசம்பரில் எங்கே நின்றது? அந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்களுக்கு விற்பனைக்குப் போயின. சீட் பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிமுனை வரை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத் துரு, கார்பெட்டுக்கு அடியில் உள்ள வயர் இணைப்புகளில் பச்சைப் படிவு, இவற்றையும் பாருங்கள். ஏர்பேக் கணினி இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் பார்த்த ஏர்பேக் விபத்தில் விரியும் என்று எவரும் உறுதி தர முடியாது. அம்மாவை உட்கார வைக்கப் போகும் வண்டி என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர் பதிலளிக்கிறார்:

பட்டறைக் கை அவர்கள் சொன்ன ஆயில் பெல்ட் விஷயத்தில் இங்குள்ள நிலையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அமெரிக்காவில் 2018 மாடலிலிருந்து 2022 மாடல் வரை விற்ற ஈகோஸ்போர்ட்டுகள் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவை. இங்கே பார்க்கும் அந்த வண்டிகளின் சேசிஸ் எண்ணும் அதே எம்.ஏ.ஜே. என்றுதான் தொடங்கும்.

2023 டிசம்பரில், 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்டுகளும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ் வண்டிகளும் சேர்த்து 1,39,730 வண்டிகளுக்கு இங்கே ரீகால் வந்தது. ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டின் பற்கள் உதிரலாம் அல்லது அதன் இறுக்கியின் கை முறியலாம் என்பது காரணம். அப்படி நேர்ந்தால் ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும்போதே எஞ்சின் நிற்கக்கூடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் குறையக்கூடும். தாங்கள் பார்க்கும் மூன்றும் 1.5 லிட்டர் என்பதால் இந்த அழைப்பு அவற்றுக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் தேடும்போது 1.0 லிட்டர் டர்போ ஏதேனும் நல்ல விலையில் கண்ணில் பட்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்று. இங்கே நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் சேசிஸ் எண்ணை இட்டால் அந்த ஒரு வண்டிக்கு நிலுவையில் உள்ள ரீகால்கள் தெரியும். உரிமையாளர்கள் எழுதிய புகார்களையும் ஆண்டு வாரியாக, பாகம் வாரியாக யாரும் படிக்கலாம். அந்தப் புகார்கள் சரிபார்க்கப்பட்டவை அல்ல. ஒருவர் எழுதியது அப்படியே இருக்கும். இருந்தாலும் ஒரே குறையை வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி விவரித்திருந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் வாங்குபவரும் அதைத் திறந்து படிக்கலாம். அதே எஞ்சின்தானா, அதே கியர்பெட்டிதானா என்று பார்த்துக்கொண்டு படிக்க வேண்டும். இங்கு வந்த ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது உலர் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்துவது. அதைப் பற்றிய நற்சான்றைப் பார்த்து 2016-இன் பவர்ஷிஃப்ட்டை நம்பிவிடக் கூடாது.

குமரி வாசகி (நாகர்கோவில்) பதிலளிக்கிறார்:

எல்லோரும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் விற்பவரைப் பற்றி எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு பழைய கார் விற்கும் நிலையம் ஒன்றில் ஒரு வண்டி வாங்கினேன். நிலையத்தின் பெயரோ வண்டியின் பெயரோ இங்கே தேவையில்லை. நூற்றைம்பது இடங்களில் சோதித்தோம் என்று ஒரு பட்டியலைக் காட்டினார்கள், ஒவ்வொன்றிலும் பச்சைக் குறி இருந்தது. நான்கு மாதம் கழித்து வேறொரு வேலைக்காகச் சர்வீஸ் மையத்துக்குப் போனபோதுதான், அந்த வண்டிக்கு ஒரு ஏர்பேக் ரீகால் மூன்று ஆண்டுகளாக நிலுவையில் இருப்பதைச் சொன்னார்கள். அறிவிப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அந்த நான்கு மாதமும் என் இரண்டு பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். நிலையத்தில் போய்க் கேட்டபோது, எங்கள் பட்டியலில் ரீகால் என்ற வரி இல்லை என்று பதில் வந்தது. இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே, வாங்கியதும் ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு நின்றுவிடாமல், நிறுவனத்தின் பதிவேட்டிலும் தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். இனி ஏதாவது அழைப்பு வந்தால் அது தங்களைத்தான் தேடி வர வேண்டும்.

தயாரிப்பு நின்ற வண்டி என்ற தங்கள் மைத்துனரின் கவலையில் நியாயம் உண்டு, ஆனால் அதை அளந்து பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதே, சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்றும், சென்னை உட்பட ஐந்து இடங்களில் உதிரிபாகக் கிடங்குகள் இருக்கும் என்றும் நிறுவனம் சொன்னது. என் அண்ணன் வீட்டில் ஈகோஸ்போர்ட் டீசல்தான் ஓடுகிறது. வடிகட்டி, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் போன்ற தேய்மானப் பொருட்கள் கடைகளில் தடையின்றிக் கிடைக்கின்றன. மாடலுக்கே உரிய விளக்கு, கண்ணாடி, பின்கதவு, உடல் தகடு இவற்றைத்தான் முன்கூட்டி விசாரிக்க வேண்டும். இந்த வண்டியின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. உதிரிச் சக்கரமும் அதில்தான் தொங்குகிறது. பின்னால் ஒரு சிறு இடி விழுந்தாலும் அந்தக் கதவுக்குத்தான் சேதம். அதன் விலையையும் கிடைக்க ஆகும் நாட்களையும் திருச்சி மையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். 2025 அக்டோபரில் மறைமலைநகர் ஆலையை மீண்டும் திறக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் ஆனது என்ற செய்தியை வைத்து விற்பவர் விலையை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது எஞ்சின் தயாரிப்புக்கான திட்டம், தொடங்குவது 2029-இல். பழைய ஈகோஸ்போர்ட்டின் கதவு அதனால் வராது.

உறையூர்வாசி மீண்டும் எழுதுகிறார்:

பதிலளித்த நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாக மூன்று வண்டிகளையும் தாங்கள் சொன்ன வழியிலேயே பார்த்தேன். நடந்ததைச் சொன்னால் இதே கேள்வியோடு வருபவர்களுக்கு உதவும்.

டீசலைக் கைவிட்டேன். ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட் புத்தம் புதிதாக இருந்தது. பின் இருக்கையின் நடுப் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தபோது, அடி முழத்தில் காய்ந்த வண்டல் கோடாகப் படிந்திருந்தது. சர்வீஸ் வரலாற்றில் 2015 நவம்பருக்கும் 2016 ஏப்ரலுக்கும் இடையே ஒரு பதிவும் இல்லை. விற்பவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். மூன்றாவது உரிமையாளர் என்பதால் அது உண்மையாகவும் இருக்கலாம். குழாய்க் கிளிப் பொருத்தப்பட்டிருந்தது, ரீகால் வேலைகள் முடிந்திருந்தன. ரீகால் முடிந்ததாலேயே வண்டி நல்லதாகிவிடாது என்பதை அங்கே நின்று புரிந்துகொண்டேன்.

ஆட்டோமேட்டிக்கின் உரிமையாளர் முக்கால் மணி நேரச் சோதனை ஓட்டத்துக்கும் ஸ்கேனருக்கும் ஒப்பவில்லை. “நம்பிக்கை இருந்தால் வாங்குங்கள்” என்றார். அதன்மேல் எனக்கிருந்த ஆசை அந்த வாசலிலேயே முடிந்தது.

2018 பெட்ரோல் உரிமையாளர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னோடு சர்வீஸ் மையத்துக்கு வந்தார். மென்பொருள் புதுப்பிப்பு 2018-லேயே செய்யப்பட்டதாகப் பதிவு இருந்தது; அச்செடுத்துக் கொடுத்தார்கள். முதல் 45,000 கிலோமீட்டர் வரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பதிவு இருக்கிறது. அதன்பின் இரண்டு முறை வெளிக் கடையில் மாற்றியிருக்கிறார். என்ன ஆயில் என்று அவருக்கு நினைவில்லை. அதை மறைக்காமல் சொன்னதே எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்க்கலாமா, கூலியை நான் தருகிறேன் என்று கேட்டேன், தயங்காமல் ஒப்புக்கொண்டார். நேற்றுக் காலை கழற்றினோம். உறிஞ்சும் வலையில் ரப்பர் துகள் எதுவும் இல்லை, மெல்லிய கசடு மட்டும் இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவை அழைத்துச் சென்று உட்கார வைத்தும் பார்த்தேன். யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கினார்.

முன்பணம் கொடுத்துவிட்டேன். இனிக் கவனிக்க வேண்டியது ஏதேனும் விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

பட்டறைக் கை (கோவை) பதிலளிக்கிறார்:

மகிழ்ச்சி ஐயா. மெல்லிய கசடு இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் கையேட்டுத் தரக்குறியீடு கொண்ட ஆயிலை இப்போது ஊற்றி, ஐயாயிரம் கிலோமீட்டரிலேயே ஒரு முறை மாற்றிவிடுங்கள், வடிகட்டியோடு சேர்த்து. அதன்பின் வழக்கமான கணக்குக்கு வரலாம். எந்தக் காரணத்துக்காகவும் எஞ்சினைக் கழுவும் திரவத்தை ஆயிலில் கலக்க விடாதீர்கள்; பெல்ட்டுக்கு அது ஆகாது. ஆயில் அழுத்த விளக்கு ஒரு நொடி மின்னினாலும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள், அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

கடன் அடைந்த வண்டியாக இருந்தால் வங்கியின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீங்கிவிட்டதா என்று பாருங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் ஆசிரியர் கையெழுத்திட்ட நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டையும் தங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஆசிரியரிடம் இரண்டாவது சாவி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.